ஊர் மின்சாரத்தின் மேல் மத்திய அரசின் கை எதுவரை எட்டும்?

அமெரிக்க மின்சாரச் செய்திகளைப் படிப்பவரை முதலில் தடுமாற வைப்பது ‘பப்ளிக் யுட்டிலிட்டி’ என்ற சொல். கேட்டதும் அரசுக்கோ நகராட்சிக்கோ சொந்தமான மின்வாரியம் என்றுதான் தோன்றும். அந்நாட்டின் மத்திய மின்சக்திச் சட்டத்தில் அதன் பொருள் ஏறக்குறைய நேர்மாறு. பங்குதாரர்களுக்குச் சொந்தமான தனியார் மின்நிறுவனம்தான் அங்கே ‘பப்ளிக் யுட்டிலிட்டி’. நகராட்சி நடத்தும் மின்நிறுவனம் அந்தச் சொல்லுக்குள் வராது. எனவே “பப்ளிக் யுட்டிலிட்டிகள் அனைத்தும் இதைச் செய்ய வேண்டும்” என்று மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டால், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மின்துறையை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது.

அப்படியானால் அந்த நகரம் ஏன் ஆணையத்தின் முன் வழக்கறிஞர்களை நிறுத்துகிறது? விலக்குப் பெற்ற ஊர்களின் மின்கட்டணம் ஏன் ஆணையத்தின் தீர்ப்புகளால் ஏறி இறங்குகிறது? இதைப் புரிந்துகொள்ள, விலக்கு எதற்காகத் தரப்பட்டது, அது எந்த இடத்தில் போதாமல் போனது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

யார் யார்?

1. ஃபெர்க்: மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் சுருக்கப் பெயர். 1977-இல் இன்றைய வடிவம் பெற்றது. உறுப்பினர்கள் 5 பேர். ஒரே கட்சியைச் சேர்ந்தவர் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. மாநில எல்லை தாண்டும் மின்கடத்தலும் மொத்த விற்பனையும் இதன் பொறுப்பு. வீட்டுக்கு வரும் சில்லறை விற்பனை மாநிலங்களின் பொறுப்பு.

2. பொது மின்நிறுவனங்கள்: நகராட்சி, மாவட்டம், மாநிலம் ஆகியவற்றுக்குச் சொந்தமானவை. நாடு முழுவதும் சுமார் 2,000. நெப்ராஸ்கா மாநிலத்தில் வீடுகளுக்கு மின்சாரம் தருபவை எல்லாம் இவ்வகையும் கூட்டுறவுகளும்தான். தனியார் நிறுவனம் அங்கே இல்லை.

3. கூட்டுறவுகள்: பெரும்பாலும் கிராமப்புறத்தில், பயன்படுத்துவோரே உறுப்பினராக இருப்பவை.

4. மத்திய அரசின் முகமைகள்: கொலம்பியா ஆற்று அணைகளின் மின்சாரத்தை விற்கும் பானவில் (1937), ஏழு மாநிலங்களில் பரவிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் (1933) போன்றவை.

5. மண்டல அமைப்புகள்: பல நிறுவனங்களின் உயர் அழுத்த மின்தடங்களை ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கி, மின்சந்தையையும் நடத்துபவை. மின்தடம் இவர்களுக்குச் சொந்தம் அல்ல. இயக்கம் மட்டுமே இவர்கள் கையில். ஆங்கிலச் சுருக்கம் ஆர்.டி.ஓ. நம்மவர்க்கு அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்பதால் இங்கே மண்டல அமைப்பு என்றே எழுதுகிறேன். நாட்டில் இப்படிப்பட்டவை ஏழு. டெக்சாஸின் எர்காட் தவிர மற்ற ஆறின் கட்டண விதிகளும் ஃபெர்க்கின் ஒப்புதல் பெற்றவை.

விலக்கு ஏன் வந்தது?

1927-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ரோட் ஐலண்டிலிருந்த ஒரு நிறுவனம், எல்லைக்கு அப்பால் மாசசூசெட்ஸின் ஆட்டல்பரோ ஊரின் நிறுவனத்துக்கு மின்சாரம் விற்றது. அந்த விலையை உயர்த்த ரோட் ஐலண்டின் ஆணையம் உத்தரவிட்டது. மாநிலம் தாண்டும் விற்பனையின் விலையில் மாநிலம் தலையிட முடியாது என்றது நீதிமன்றம். மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை, மத்தியில் சட்டம் இல்லை. இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் 1935-இன் மத்திய மின்சக்திச் சட்டம்.

அதன் 205, 206 பிரிவுகள்தான் ஃபெர்க்கின் இரண்டு கைகள். 205-இன்படி நிறுவனம் தன் கட்டணத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அது நியாயமானதாகவும் பாரபட்சமற்றதாகவும் இருக்கிறதா என்று ஆணையம் பார்க்கும். 206-இன்படி, நடப்பிலுள்ள கட்டணம் நியாயமற்றது என்று தெரிந்தால் ஆணையமே அதை மாற்றலாம், வசூலித்ததைத் திருப்பித் தரவும் சொல்லலாம். இரண்டு பிரிவுகளும் ‘பப்ளிக் யுட்டிலிட்டி’ வசூலிக்கும் கட்டணத்தைப் பற்றியே பேசுகின்றன.

201(f) பிரிவோ, மத்திய அரசு, மாநிலங்கள், அவற்றின் உட்பிரிவுகள் ஆகியவற்றுக்கு, பெயர் குறிப்பிட்டுச் சொன்னாலொழிய, சட்டத்தின் இந்தப் பகுதி பொருந்தாது என்கிறது. 2005-இல் கூட்டுறவுகளும் இதில் சேர்ந்தன: கிராம மின்மயச் சட்டத்தின் கீழ் கடன் பெற்றவை, அல்லது ஆண்டுக்கு 400 கோடி யூனிட்டுக்குக் குறைவாக விற்பவை. இங்கே யூனிட் என்பது நாம் வீட்டில் எண்ணும் அதே யூனிட்தான். ஆயிரம் யூனிட் ஒரு மெகாவாட் மணி.

விலக்கின் தர்க்கம் எளிது. தனியார் நிறுவனம் வாடிக்கையாளரைச் சுரண்டலாம். நகராட்சியில் வாடிக்கையாளரே வாக்காளர். கட்டணம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் மன்றத்தை மாற்றிவிடலாம். அவரை அவரிடமிருந்தே காப்பாற்ற ஓர் ஆணையம் தேவையில்லை.

ஊருக்குள் இந்தத் தர்க்கம் சரி. மின்தடம் ஊர் எல்லையில் நிற்பதில்லையே. அடுத்த ஊர்க்காரர் அந்தத் தடத்தின் வழியே மின்சாரம் கொண்டுபோகிறார், அந்த நகராட்சி சந்தையில் விற்கும் மின்சாரத்தை வாங்குகிறார். அவருக்கு அங்கே வாக்கு இல்லை. கடந்த முப்பது ஆண்டுகளின் சட்டத் திருத்தங்களும் வழக்குகளும் பெரும்பாலும் இந்த வாக்கில்லாத அண்டை ஊர்க்காரரைச் சுற்றியே நடந்திருக்கின்றன.

ஃபெர்க் நுழையும் வாசல்கள்

விலக்கு முழுச் சுவர் அல்ல. பெயர் குறிப்பிட்டு வெட்டப்பட்ட வாசல்கள் அதில் உண்டு.

1. இணைப்பும் கடத்தலும் (210, 211 பிரிவுகள்): ஒருவர் விண்ணப்பித்தால், உன் தடத்தில் இவர் மின்சாரத்தைக் கொண்டுசெல் என்று பொது நிறுவனத்துக்கும் ஆணையம் உத்தரவிடலாம். விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் தனி விசாரணை என்பதால் இது மெதுவான வழி.

2. சமமான சேவை (211ஏ, 2005): ஆண்டுக்கு 400 கோடி யூனிட்டுக்கு மேல் விற்கும், முக்கியத் தடங்கள் வைத்திருக்கும் விலக்கு நிறுவனம், தனக்குத் தானே தரும் சேவைக்கு ஒப்பான சேவையைப் பிறருக்கும் தர வேண்டும் என்று ஆணையம் கட்டளையிடலாம். கட்டணம் இவ்வளவு என்று ஆணையம் நிர்ணயிக்காது. ஒப்புமை மட்டுமே அளவுகோல்.

3. நம்பகத்தன்மை (215, 2005): 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹாயோவில் மரக்கிளையில் உரசிய மின்தடங்களில் தொடங்கி, கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் செயலிழந்ததால் கவனிக்கப்படாமல் பரவிய மின்தடை, 5 கோடிப் பேரை இருட்டில் தள்ளியது. அதன் பின் வந்த பிரிவு இது. பொது நிறுவனம், கூட்டுறவு, டெக்சாஸின் எர்காட் வரை யாருக்கும் விலக்கு இல்லை. 2007 ஜூன் முதல் விதிகள் கட்டாயம். ஒன்று மட்டும் விடுபட்டது: மத்திய அரசின் தென்மேற்கு மின்முகமைக்கு விதித்த 19,500 டாலர் அபராதத்தை 2014-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. மத்திய அரசின் முகமை விதிக்குக் கட்டுப்படும், ஆனால் அதனிடம் அபராதம் வசூலிக்க இந்தச் சட்டத்தில் இடமில்லை என்பது காரணம்.

4. சந்தை மோசடி (222, 2005): விலையைத் திரிக்கும் சூழ்ச்சி செய்தால் விலக்கு செல்லாது.

5. பரஸ்பர நிபந்தனை: இது சட்டப்பிரிவு அல்ல, 1996-இன் 888-ஆம் எண் உத்தரவில் வந்தது. தனியார் நிறுவனங்கள் தம் மின்தடங்களை எல்லோருக்கும் ஒரே விதியில் திறந்துவிட வேண்டும் என்றது அந்த உத்தரவு. நகராட்சியைக் கட்டாயப்படுத்த அதிகாரம் இல்லாததால், ‘நீ தனியாரின் திறந்த தடத்தைப் பயன்படுத்தினால், அவருக்கு உன் தடத்தையும் அதே போலத் திற’ என்ற நிபந்தனையை ஆணையம் வைத்தது.

ஐந்தாவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. நகராட்சிகள் மின்தடம் போட வரிவிலக்குள்ள கடன் பத்திரங்களை விற்கின்றன. அந்தப் பணத்தில் கட்டியதைத் தனியார் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பயன்படுத்தினால் பத்திரத்தின் வரிவிலக்கு பறிபோகும். வட்டிச் செலவு ஏறும். அதனால் வரிவிலக்குக்கு ஆபத்து வரும் அளவுக்குத் திறக்க வேண்டாம் என்று ஆணையமே விட்டுக்கொடுத்தது. திறந்த தடச் சேவைக்கு இடம் தரும்படி வரி விதிகளும் பின்னர் திருத்தப்பட்டன. இது சரியாகும்வரை பல நகராட்சிகள் மண்டல அமைப்பில் சேரத் தயங்கின.

கலிபோர்னியா: திருப்பித் தரச் சொல்ல முடியாத பணம்

2000-2001-இல் கலிபோர்னியாவின் மின்சந்தை விலை கட்டுக்கடங்காமல் ஏறியது. 2001 ஜனவரியில் பகுதி பகுதியாக மின்வெட்டு. ஏப்ரலில் மாநிலத்தின் மிகப்பெரிய மின்நிறுவனங்களில் ஒன்று திவால் மனு கொடுத்தது. 2000 அக்டோபர் 2 முதல் 2001 ஜூன் 20 வரையான விற்பனையில் கூடுதலாக வாங்கிய பணத்தை விற்றவர்கள் திருப்பித் தர வேண்டும் என்று ஃபெர்க் உத்தரவிட்டது. விற்றவர்களில் நகராட்சிகளும் பானவிலும் இருந்தன.

எல்லோரும் விற்றது ஒரே சந்தையில். ஒரு மணி நேரத்துக்கான விலை எல்லா விற்பனையாளருக்கும் ஒன்றே. சந்தை விதிகளுக்கு ஒப்புதல் தந்தது ஃபெர்க். எனவே அந்த விலை தவறு என்றால் எல்லோரும் திருப்பித் தருவதுதான் நியாயம் என்பது ஆணையத்தின் வாதம். 2005-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்கு அடுத்த நிலையில், வட்டம் வட்டமாகப் பிரிந்துள்ள மத்திய நீதிமன்றங்களில் ஒன்று) அதை ஏற்கவில்லை. 206-ஆம் பிரிவு பேசுவது ‘பப்ளிக் யுட்டிலிட்டி’யை, நகராட்சி அதில் இல்லை, சட்டத்தில் இல்லாத அதிகாரத்தைச் சந்தையின் வசதிக்காக உண்டாக்க முடியாது என்றது.

ஒப்பந்த மீறல் என்று வழக்குப் போட்டு வாங்கலாமே என்றால், அந்த வழியும் அடைபட்டது. மத்திய முகமைகள் மீது கலிபோர்னிய நிறுவனங்கள் தொடுத்த வழக்கை 2016-இல் மத்திய வட்ட நீதிமன்றம், வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே நேரடி ஒப்பந்தமே இல்லை என்று சொல்லி நிராகரித்தது. பொதுச் சந்தையின் இயல்பு அது: விற்பவர் சந்தைக்கு விற்கிறார், வாங்குபவர் சந்தையிடம் வாங்குகிறார். யார் பணம் யாரிடம் போனது என்று தனித்தனியே நூல் பிடிக்க முடியாது. கட்டுக்கடங்காத விலையைக் கொடுத்த வீடுகளுக்கு இதில் மிஞ்சியது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

ஓட்டையை அடைக்க 2005-இல் நாடாளுமன்றம் 206(e) பிரிவைச் சேர்த்தது. அடைப்பு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். பொது நிறுவனத்திடம் திருப்பித் தரச் சொல்வதற்கு இத்தனையும் பொருந்த வேண்டும்:

1. விற்பனை 31 நாளுக்கு மேற்படாத குறுகிய கால விற்பனையாக இருக்க வேண்டும்.
2. ஃபெர்க் ஒப்புதல் பெற்ற விதிகளால் விலை தீர்மானிக்கப்படும் சந்தையில், விற்பவர் தாமாக முன்வந்து விற்றிருக்க வேண்டும்.
3. அந்த விற்பனை விதிகளை மீறியதாக இருக்க வேண்டும். விலை அநியாயம் என்பது மட்டும் போதாது.
4. விற்றவர் ஆண்டுக்கு 800 கோடி யூனிட்டாவது விற்பவராக இருக்க வேண்டும். கூட்டுறவாக இருக்கக் கூடாது.

2000-இல் நடந்தது அப்படியே மீண்டும் நடந்து, எந்த விதியும் மீறப்படாமல் விலை மட்டும் வானளாவ ஏறினால், இந்தப் பிரிவு உதவாது.

பானவில், 2011: மீனா, காற்றாலையா?

211ஏ பிரிவு ஆறு ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தது. அதை எழுப்பியது கொலம்பியா ஆற்றின் வசந்தகால வெள்ளம்.

2011-இல் பனி உருகி ஆற்றில் நீர் மிகுந்தது. அணையில் வரும் நீரைத் தேக்க இடமில்லை. இரண்டு வழியில்தான் விட முடியும். சுழலிகள் வழியே விட்டால் மின்சாரம் வரும். மதகைத் திறந்து வழியவிட்டால், விழும் நீர் காற்றை ஆழத்துக்கு இழுத்துச் சென்று கரைத்துவிடும். கரைந்த வாயு 110 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அடிப்படை விதி. மீன்கள் கடக்கும் பருவத்தில் சில இடங்களில் 120 வரை தளர்வு. அதற்கு மேல் போனால் சால்மன் மீன்களின் உடலுக்குள் குமிழிகள் உண்டாகி அவை இறக்கும். எனவே கூடியவரை சுழலி வழியே விட வேண்டும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவ்வளவு மின்சாரத்தை வாங்க ஆள் ஏது?

பானவில் தன் மின்சாரத்தை இலவசமாகவே கொடுக்க முன்வந்தது. அனல் நிலையங்கள் உடனே நிறுத்திக்கொண்டன, எரிபொருள் மிச்சம். காற்றாலைகள் நிறுத்த மறுத்தன. அன்றைக்கு மத்திய அரசின் வரிச்சலுகை யூனிட்டுக்கு 2.2 சென்ட், அதாவது மெகாவாட் மணிக்கு 22 டாலர். உற்பத்தி செய்தால்தான் அது கிடைக்கும். விலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, வாங்குபவருக்கு 20 டாலர் கொடுத்து விற்க நேர்ந்தாலும் காற்றாலைக்கு 2 டாலர் லாபம். இலவச மின்சாரம் வந்தால் அவர்களுக்கு நஷ்டம். நிறுத்த வேண்டுமென்றால் இழக்கும் சலுகையை ஈடுகட்டு என்றார்கள்.

பானவில் ஈடு தர மறுத்தது. காற்றாலைகளின் உற்பத்தியைக் கட்டளையிட்டு வெட்டியது. அவர்கள் கட்டணம் கட்டி எடுத்திருந்த தடத்தின் வழியே, அவர்களின் வாடிக்கையாளருக்குத் தன் அணை மின்சாரத்தை அனுப்பியது. காற்றாலை நிறுவனங்கள் ஜூனில் புகார் கொடுத்தன. டிசம்பர் 7 அன்று ஃபெர்க் தீர்ப்பளித்தது: உறுதி செய்யப்பட்ட தடத்தைப் பிறரிடமிருந்து பறித்துத் தன் மின்சாரத்துக்குக் கொடுப்பது ஒப்பான சேவை அல்ல, புதிய விதிகளைத் தாக்கல் செய்.

பானவில் அடுத்த ஆண்டே ஈடு தரும் திட்டம் கொண்டுவந்தது. செலவைக் காற்றாலைகளும் தன் வாடிக்கையாளரும் பாதிப் பாதி சுமக்கலாம் என்றது. அந்தப் பங்கீட்டை ஃபெர்க் ஏற்கவில்லை. வேறு முறை வகுக்க வேண்டியதாயிற்று. பானவிலின் மின்கட்டணத்தை ஃபெர்க் இன்றும் நிர்ணயிப்பதில்லை. செலவு முழுதும் வசூலாகுமா, கருவூலக் கடன் அடையுமா என்பது போன்ற சிலவற்றை மட்டும் சரிபார்க்கும். கட்டணத்தில் கை வைக்க முடியாத இடத்தில், தடத்தில் நடக்கும் பாரபட்சத்தில் கை வைத்தது என்பதுதான் இந்த வழக்கின் கனம்.

இந்தப் பிரிவு எல்லாருக்கும் திறக்காது. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை விட்டு வெளியேறி வேறு இடத்தில் மின்சாரம் வாங்க விரும்பிய நான்கு உள்ளூர் நிறுவனங்கள், அந்த ஆணையத்தின் தடங்களைப் பயன்படுத்த இதே 211ஏ-இன் கீழ் கேட்டன. 2021 அக்டோபரில் ஃபெர்க் மறுத்துவிட்டது. அந்தப் பகுதிக்குள் வெளியார் மின்சாரம் விற்பதற்கு எதிராக 1992-இலேயே நாடாளுமன்றம் வேலி போட்டிருந்தது.

நகராட்சியின் மின்தடம் மண்டல அமைப்பில் சேர்ந்தால்

மண்டல அமைப்பில் சேர்வது தன் விருப்பம். 1999 டிசம்பரின் 2000-ஆம் எண் உத்தரவுகூடத் தனியாரைக் கட்டாயப்படுத்தவில்லை. சேர்வதன் முதல் லாபம் அடுக்குக் கட்டணம் ஒழிவது. மூன்று நிறுவனங்களின் தடங்களைக் கடந்து வரும் மின்சாரத்துக்கு ஒவ்வொருவரும் மெகாவாட் மணிக்கு 4 டாலர் கேட்டால் மொத்தம் 12. மண்டல அமைப்புக்குள் எத்தனை பேர் தடத்தைக் கடந்தாலும் ஒரே கட்டணம்.

அந்த ஒரே கட்டணத்தில்தான் சண்டை தொடங்குகிறது. ஒரு கற்பனைக் கணக்கு. மண்டலத்தின் எல்லாத் தடங்களுக்கும் ஆண்டுச் செலவு 250 கோடி டாலர். பயன்பாடு 25 கோடி மெகாவாட் மணி. கட்டணம் 10 டாலர். இதில் ஒரு நகராட்சி சேர்கிறது. அதன் தடங்களின் ஆண்டுச் செலவு 2.5 கோடி டாலர், ஊரின் பயன்பாடு 10 லட்சம் மெகாவாட் மணி. இதுவரை ஊர்மக்கள் கொடுத்தது 25 டாலர். சேர்ந்த பின் மண்டலக் கட்டணம் 252.5 கோடியை 25.1 கோடியால் வகுத்தால் 10.06. ஊர்மக்களின் சுமை ஏறத்தாழ 1 கோடி டாலராகக் குறைகிறது. மீதி 1.5 கோடி டாலரை மண்டலத்தின் மற்றவர்கள், மெகாவாட் மணிக்கு 6 சென்ட் கூடுதலாகக் கட்டிச் சுமக்கிறார்கள். 6 சென்ட் சிறிது. ஆனால் அந்த 2.5 கோடி என்ற எண்ணைத் தீர்மானித்தது நகராட்சி மன்றம். கட்டுபவர்கள் அந்த மன்றத்துக்கு வாக்களிக்காதவர்கள்.

இது உண்மையில் நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலுள்ள வெர்னன், ஆலைகள் நிறைந்த சிற்றூர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 222. அது 2001-இல் கலிபோர்னிய மண்டல அமைப்பில் தன் தடங்களைச் சேர்த்தது. அதன் செலவுக் கணக்கை ஃபெர்க் ஆராயலாமா என்ற கேள்வி வாஷிங்டன் டி.சி. வட்ட நீதிமன்றத்துக்கு இரண்டு முறை போனது. 2007-இல் வந்த விடை இரண்டு பாதியாக இருந்தது. மண்டலக் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்றால், அதில் சேரும் நகராட்சியின் கணக்கையும் ஆராயலாம். ஆனால் அதிகமாக வாங்கியது தெரிந்தாலும், திருப்பித் தரும்படி நகராட்சிக்கு உத்தரவிட முடியாது.

மிஞ்சியது ஒப்பந்தம் என்ற வழிதான். சேரும்போதே, ஆணையம் சொன்னால் திருப்பித் தருகிறேன் என்று நகராட்சியிடம் எழுதி வாங்கிக்கொண்டால் அது கட்டும். மண்டல அமைப்பின் உறுப்பினர் ஒப்பந்தத்தைப் படிப்பவர்கள் முதலில் தேட வேண்டிய பத்தி இதுதான்.

பொது நிறுவனமே பாதிக்கப்படுவதும் உண்டு. நெப்ராஸ்காவின் பொது மின்மாவட்டம் 2009-இல் தென்மேற்கு மண்டல அமைப்பில் சேர்ந்தது. பிறகு வந்த ட்ரை-ஸ்டேட் கூட்டுறவின் தடங்களை அமைப்பு அதே கட்டண வட்டத்தில் வைத்தது. செலவு நெப்ராஸ்கா மக்கள் தலையில் ஏறியது. மாவட்டம் எதிர்த்தது; 2020-இல் எட்டாம் வட்ட நீதிமன்றம் ஃபெர்க்கின் முடிவை உறுதி செய்தது. அதே ட்ரை-ஸ்டேட் 2019-இல் கூட்டுறவு அல்லாத ஓர் எரிவாயு நிறுவனத்தை உறுப்பினராகச் சேர்த்துத் தன் விலக்கைத் தானே துறந்தது. பல மாநில ஆணையங்களுக்குப் பதில் சொல்வதைவிட ஃபெர்க் ஒன்றுக்குப் பதில் சொல்வது அதற்கு மேலாகப் பட்டது.

வெளியே நின்றால்?

திட்டமிடலில் கதை மாறுகிறது. 2011-இன் 1000-ஆம் எண் உத்தரவு, அண்டை நிறுவனங்கள் சேர்ந்து மின்தடங்களைத் திட்டமிட வேண்டும், பயன் பெறுபவர் செலவைப் பகிர வேண்டும் என்றது. மேற்குப் பகுதியில் வெஸ்ட்கனெக்ட் என்ற திட்டமிடல் குழுவில் தனியாரும் பொது நிறுவனங்களும் கலந்திருந்தனர். பொது நிறுவனங்கள் திட்டமிடலில் உட்காரலாம், செலவுப் பங்கு பிடிக்காவிட்டால் விலகலாம் என்ற ஏற்பாட்டை ஃபெர்க் ஏற்றது. அவர்கள் பங்கும் தங்கள் மீது விழும் என்று எல் பாசோவின் தனியார் நிறுவனம் வழக்குப் போட்டது. இருமுறை விசாரித்த ஐந்தாம் வட்ட நீதிமன்றம், பயன் பெற்றுச் செலவு கட்டாமல் போக விடும் இந்த ஏற்பாடு உத்தரவின் அடிப்படையையே மீறுகிறது என்று 2023-இல் அதை ரத்து செய்தது.

சந்தைக்குள் நிற்பவருக்கு வேறு தலைவலி. கிழக்கே பி.ஜே.எம். மண்டலத்தில் எதிர்காலத் தேவைக்கான உற்பத்தித் திறனை ஏலத்தில் வாங்குவார்கள். 2019 டிசம்பரில் ஃபெர்க் அந்த ஏலத்துக்கு ஒரு விலைத்தளம் வைத்தது. பொது நிறுவனங்கள் தமக்கென்று புதிதாகக் கட்டும் நிலையங்களும் அதற்குக் கீழே கேட்கக் கூடாது. ஓர் ஊர் தன் பணத்தில் நிலையம் கட்டி, ஏலத்தில் அது தேறாமல் போனால், கட்டிய நிலையத்துக்கு ஒரு முறையும் ஏலத்தில் வாங்கும் திறனுக்கு மறுமுறையும் கொடுக்க வேண்டும். ஊரின் மீது ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, ஏலத்தின் மீது இருந்தது. 2021-இல் அந்த விதி மாற்றப்பட்டது.

உங்கள் பில் யார் கையில்?

அமெரிக்காவில் குடியிருப்பவர், கட்டண உயர்வுச் செய்தி வந்ததும் பார்க்க வேண்டியவை:

1. நிறுவனம் யாருடையது? பெயரை நம்பாதீர்கள். நியூஜெர்சியில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு மின்சாரம் தரும் பப்ளிக் சர்வீஸ் எலெக்ட்ரிக் அண்ட் காஸ் தனியார். சான் அன்டோனியோவின் சி.பி.எஸ். எனர்ஜி, ஆஸ்டின் எனர்ஜி, சியாட்டில் சிட்டி லைட் மூன்றும் அந்தந்த நகரங்களுடையவை.

2. எந்த மண்டலம்? சான் அன்டோனியோவும் ஆஸ்டினும் எர்காட்டில் உள்ளன. அங்கே சந்தை விலையில் ஃபெர்க் தலையிட முடியாது. நம்பகத்தன்மை விதிகள் மட்டும் பொருந்தும்.

3. பில்லில் ஏறியது எந்த வரி? விநியோகக் கட்டணம் என்றால், பொது நிறுவனமானால் நகர மன்றம், தனியாரானால் மாநில ஆணையம். கடத்தல், உற்பத்தித் திறன் ஆகியவை என்றால் மண்டல அமைப்பின் தாக்கல் வழியே ஃபெர்க்.

ஃபெர்க்கில் நடக்கும் வழக்கில் யாரும் கருத்து அனுப்பலாம். ஆனால் எதிர்ப்புக் கடிதம் அனுப்பியதால் மட்டும் நீங்கள் வழக்கில் தரப்பினர் ஆகிவிட மாட்டீர்கள். அதற்குத் தனியாகத் தலையீட்டு மனு போட வேண்டும். கட்டணத் தாக்கல்களுக்கு வழக்கமான கெடு 21 நாள். தரப்பினர் மட்டுமே, உத்தரவு வந்த 30 நாளுக்குள் மறுவிசாரணை கேட்கலாம். அதைக் கேட்டவர் மட்டுமே, அதன் மீதான முடிவுக்குப் பின் 60 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். சிறு ஊர்களின் மின்நிறுவனங்கள் பலமுறை தோற்பது வாதத்தில் அல்ல, இந்த 21 நாளில்.